மாறுவேடத்தில் ஒரு பக்தர்

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு வகை பயம் உண்டு. முதலாவது இன்ஸ்பெக்‌ஷன். இது சொல்லிவிட்டு வருகிற பயம். ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். ஃபைல்கள் அடுக்கப்படும், கையெழுத்து விட்டுப்போன இடமெல்லாம் நிரப்பப்படும், கேன்டீனில் அன்றைக்கு மட்டும் வடை மொறுமொறுவென்று இருக்கும். வந்தவரும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

இரண்டாவது மிஸ்டரி ஷாப்பிங். இதுதான் நிஜ பயம். யாரோ ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து கவுண்டரில் நிற்பார். டெபாசிட் வட்டி என்ன என்று கேட்பார். நாம் வழக்கம்போல கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பதில் சொல்வோம். ஒரு மாதம் கழித்து அறிக்கை வரும். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. 'அதிகாரி நிமிர்ந்து பார்த்தாரா?' என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஒன்று! வட்டி விகிதம் சரியாகச் சொன்னதற்கு முழு மதிப்பெண். பி.காம். படித்ததற்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

இந்த முறை 1940களில் அமெரிக்காவில் தொடங்கியது. கடைகளிலும் வங்கிகளிலும் ஊழியர்கள் கல்லாவில் கை வைக்கிறார்களா என்று கண்டுபிடிக்கத்தான் முதலில் ஆள் அனுப்பினார்கள். பிறகு அது மரியாதையை அளக்கிற கருவியாக மாறிவிட்டது. நம் ஊரில் ரிசர்வ் வங்கி அதிகாரிகள்கூட சாதாரண ஆள் மாதிரி கிழிந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளைகளுக்குப் போய், மாற்றித் தருகிறார்களா, விரட்டுகிறார்களா என்று பார்ப்பதுண்டு.

ஆனால் கோயிலுக்கும் (எங்கள் ஊரில் சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) இப்படி ஆள் அனுப்புவார்கள் என்று தெரிந்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது.

இங்கிலாந்தில் ஷிப் ஆஃப் ஃபூல்ஸ் என்று ஒரு கிறிஸ்தவ நகைச்சுவை இதழ். 1977இல் அச்சில் தொடங்கி 1983இல் நின்றுபோனது. சைமன் ஜென்கின்ஸ் என்பவரும் நண்பர்களும் 1998 ஏப்ரல் 1ஆம் தேதி, முட்டாள்கள் தினமாகப் பார்த்து, அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அதில்தான் 'மிஸ்டரி வொர்ஷிப்பர்' பகுதி வந்தது. யாராவது ஒரு வாசகர் தெரியாத சர்ச் ஒன்றுக்குப் போவார். ஆராதனை முழுக்க உட்கார்ந்திருப்பார். காணிக்கைத் தட்டு வரும்போது, 'மாறுவேடத்தில் ஒருவர் வந்து போனார்' என்று சொல்கிற சிறிய அட்டை ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு ஒரு கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவார். வாசலில் யாராவது வரவேற்றார்களா? உட்கார்ந்த பெஞ்சு வசதியாக இருந்ததா? பிரசங்கம் எத்தனை நிமிடம்? எது மோட்சம் மாதிரி இருந்தது, எது அந்த இன்னொரு இடம் மாதிரி இருந்தது? முடிந்தபின் வழி தெரியாதவர் மாதிரி நின்றபோது யாராவது வந்து பேசினார்களா? காபி எப்படி? 2005இல் ஒரே ஞாயிற்றுக்கிழமை லண்டனில் எழுபது சர்ச்சுகளுக்கு இப்படி ஆள் போனார்கள். லண்டன் பிஷப்பே அதற்கு ஆதரவு கொடுத்தார்.

ரசித்துப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த பெஞ்சுக் கேள்வியில் நின்றுவிட்டேன். உட்கார்ந்த இடம் வசதியாக இருந்ததா என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கு அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. நம் ஊரில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எங்கே உட்காரச் சொன்னார்கள்? சொன்னது யார்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் ஆயா. அப்பாவைப் பெற்றவர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

பங்காருபேட்டை என்றால் பலருக்கு ரயில்வே ஜங்ஷன் என்றுதான் தெரியும். சென்னை - பெங்களூர் லைனில் நடுராத்திரியில் டீ குடிக்க இறங்குகிற ஸ்டேஷன். வெள்ளைக்காரன் வைத்த பெயர் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயர். இங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். பத்து மைல்தான். 1894இல் போட்டது. அந்தப் பத்து மைலின் கடைசியில் தங்கவயல். உரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், கோரமண்டல், மாரிக்குப்பம் எல்லாம் சேர்ந்ததுதான் கே.ஜி.எஃப். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்தபோது, இறங்கித் தோண்ட ஆள் தேடினார்கள். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்தவர்கள். பண்ணையாரின் நிலத்தை விட்டுவிட்டு பாதாளத்துக்குள் இறங்குவது மேல் என்று நினைத்து வந்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அதற்குள் தாத்தா இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அது முதலில் போனது சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும்தான். எங்கள் லைன் வீடுகளுக்கு அல்ல.

துரைமார்களுக்கு ஆங்கில ஆராதனை, நமக்குத் தமிழ் என்று அந்த ஊரிலும் பிரிவு இருந்தது. ஆனால் லைன்காரர்களுக்குள், கோயிலுக்குள், யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முதலில் வந்தவனுக்கு முதல் பெஞ்சு. கீழே கேஜில் இறங்கும்போது தோளோடு தோள் இடித்து நின்றவர்கள் மேலே வந்து தனித்தனியாக உட்காரவா போகிறார்கள்? உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும்போது விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். ஆயாவின் தங்கை பேத்திக்கு. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பங்காருபேட்டையில் இறங்கினோம். அங்கே வெயிட்டிங் ரூமில் அப்பா பேண்ட், ஷூவைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டி, செருப்பு மாட்டிக்கொண்டார். ஏன்ப்பா என்று கேட்டேன். "ஊருக்குப் போறோம்ல" என்றார். அப்போது அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை. ஆயா மட்டும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அரக்குப் பட்டுப்புடவை, கையில் வாட்ச், ஹீல்ஸ் வைத்த செருப்பு. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ மாத்திக்கோ. நான் ஏன் மாத்தணும்?" என்றார் ஆயா. காட்பாடியில் மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறி, அப்புறம் பஸ், அப்புறம் நடை.

அந்தக் கோயிலில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் அதற்குப் பின்னால் இருநூற்றைம்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் ஆயா செய்தது எனக்கே விளங்கியது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில், 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் சிலுவை வடிவம். அந்தக் காலத்திலிருந்தே வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் நடுவே இடைவெளி விட்டுத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். நாளாவட்டத்தில் மாறும் என்று மிஷனரிகள் விட்டுவைத்தார்கள். தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் ஐயரும் அப்படியே விட்டுவைத்தார். 1798இல் அவரும் போய்ச் சேர்ந்தார். நாள் ஆனது, மாறவில்லை.

1826இல் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் தெற்கே வந்தார். அப்போது இந்தியா முழுமைக்கும் அவர்தான் ஆங்கிலிக்கன் பிஷப். மார்ச் 26, ஈஸ்டர் அன்று தஞ்சாவூரில் இருந்தார். தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார் என்று சனங்களுக்கு ஏக சந்தோஷம். ஹீபர் நல்ல மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்லவில்லை. இந்தத் தனித்தனி உட்காரல் என்ன, திருவிருந்தில் யார் முதலில் வருகிறார்கள் என்றெல்லாம் கேள்விகள் எழுதிக் கொடுத்து விசாரித்தார். அவர் விசாரித்தவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் டேவிட். 1824இல் ஹீபரே குருப்பட்டம் கொடுத்த தமிழர். ஆனால் முடிவு எடுக்க ஹீபருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் தொட்டிக்குள்ளேயே இறந்துபோனார். வயது 42.

ஒன்று யோசித்துப் பாருங்கள். பிஷப் பல்லக்கில் வருகிறார். ஊரே திரண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்திருக்க முடியும்? எங்கள் இன்ஸ்பெக்டர் பார்க்கிற மொறுமொறு வடையைத்தான். அதனால்தான் அவர் கண்ணை நம்பாமல் கேள்வித்தாளை நம்பினார் என்று நினைக்கிறேன்.

சில வருடங்கள் கழித்து பிஷப்பாக வந்த டேனியல் வில்சன் வேறு ரகம். 1833இல் தென்னிந்திய மிஷனரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி கூடாது. தனி இடம் கூடாது, திருவிருந்துக்கு வருவதில் முன் பின் கூடாது. இன்றே, இப்போதே. (நம் ஹெட் ஆபீஸ் சர்க்குலர் தோற்றது போங்கள்.) வேப்பேரியில் அதைப் படித்துக் காட்டிய பிறகு நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அதே கதை. 1835 தொடக்கத்தில் வில்சனே நேரில் தஞ்சாவூர் வந்து பேசிப் பார்த்தார். கொஞ்சம் பேர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. 1840களில் லைப்ஸிக் லுத்தரன் மிஷன் வந்தது. அவர்கள் சாதி விஷயத்தில் கொஞ்சம் நெகிழ்வு. கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இந்த வங்கியில் கணக்கை மூடிவிட்டு எதிர் வங்கியில் திறப்பது நம் கண்டுபிடிப்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

வெளியேறியவர்கள் பக்கத்தை வாதாடியவர் சாதாரண ஆள் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் அவர் பாட்டுப் பாடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆயாவுக்கும் அவர் பாட்டுகள் பிடிக்கும். வில்சனுக்கு முன்பே, புதிதாக வந்த மிஷனரிகள் சாதியில் கை வைத்தபோது, அது பைத்தியக்காரத்தனம் என்று அவர் எழுதினார். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் மனசு சரியில்லை.

மதுரையில் அமெரிக்க மிஷன்காரர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். பார்க்கப்போனால் இதுதான் மிஸ்டரி ஷாப்பிங்குக்குக் கிட்டத்தில் வருகிறது. வாயால் கேட்டால் எல்லோரும் 'எனக்குச் சாதி இல்லை ஐயா' என்றுதான் சொல்வார்கள். அதனால் 1847இல் சாப்பாட்டைப் பரீட்சையாக வைத்தார்கள். சபையில் சம்பளம் வாங்குகிற உபதேசியார்கள் எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாதவர்களுக்கு வேலை கிடையாது. ஊழியம் செய்த உபதேசியார்கள் பலர் அந்த ஒரு வாய்ச் சோற்றுக்கு முன்னால் எழுந்து போய்விட்டார்கள். பிரசங்கத்தில் சிக்காதது இலையில் சிக்கியது.

கத்தோலிக்கர்கள் நாங்கள் ஒன்றும் யோக்கியமில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1870களில் அங்கே கட்டிய திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பைப் படத்தில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பேண்ட் மாதிரி இரண்டு கால். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். இரண்டு பக்கத்தாருக்கும் சாமியார் தெரிவார். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக் கலையில் இப்படி ஒரு சாதனையா! 1910இல் கௌசானல் என்ற பிரெஞ்சு சாமியார் நடுச்சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டு மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போனார்கள். தோற்றார்கள். கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனியிடம் கேட்க உரிமை இல்லை என்று ஆனது.

அமெரிக்காவைப் பற்றி ஒரு பாரா. அவர்களுக்கும் இந்த நோய் உண்டு. 1960 ஆகஸ்டில் அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் சர்ச்சுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றார்கள். உள்ளே விடுகிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம். 'நீல்-இன்', அதாவது முழங்காலிடும் போராட்டம் என்று பெயர். 1964இல் மெம்ஃபிஸ் நகரத்தில் செகண்ட் பிரஸ்பிட்டேரியன் சர்ச் வாசலில் மூப்பர்கள் வரிசையாக நின்று வழியை அடைத்தார்கள். மாணவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். இந்தச் சண்டையில், 1965இல் அங்கே நடக்க இருந்த அந்தச் சபையின் பொதுப் பேரவை வேறு ஊருக்கு மாற்றப்பட்டது. சர்ச்சும் இரண்டாக உடைந்தது.

அப்புறம் 2015இல் பிராட்லி ரைட் என்ற சமூகவியல் பேராசிரியரும் அவர் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கா முழுக்க 3,120 சர்ச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். உங்கள் பக்கம் புதிதாகக் குடிவருகிறேன், சர்ச் தேடுகிறேன் என்ற மாதிரி ஒரு விசாரிப்பு. வித்தியாசம் அனுப்பியவர் பெயரில்தான். ஒரு சிலருக்கு வெள்ளைக்காரப் பெயர், மற்றவர்களுக்குக் கறுப்பினப் பெயர், லத்தீன் பெயர், ஆசியப் பெயர். சமத்துவம் பற்றி அதிகம் பேசுகிற பழைய பெரிய புராட்டஸ்டண்ட் சபைகள்தான் வெள்ளைக்காரப் பெயருக்கு அதிகமாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் பதில் போட்டிருந்தன. சுவிசேஷக சபைகளிலும் கத்தோலிக்கரிடமும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. பதில் போடாத எந்தப் பாஸ்டரும் தன்னை நிறவெறியன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றைக்கு நேரமில்லை என்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்ன மாதிரிதான்.

லண்டனில் போன எழுபது பேருக்கும், அட்லாண்டாவில் போன மாணவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லண்டன்காரர் மாறுவேடத்தில் போகிறார். அவர் யார் என்று தெரியாததால் வேலை நடக்கிறது. கறுப்பின மாணவனுக்கு மாறுவேடம் கிடையாது. அவன் முகமே கேள்வித்தாள். நம் ஊரில் இது இரண்டுக்கும் நடுவில். முகத்தைப் பார்த்துச் சாதி தெரியாது. அதனால் பேச்சுக் கொடுப்பார்கள். எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க? மூன்றாவது கேள்வியில் வேஷம் கலைந்துவிடும்.

இனி அந்தக் கல்யாணம்.

பூசைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஆயா கிளம்பிவிட்டார். அது அவர் வழக்கம் என்று பிறகு அத்தை சொன்னார். எந்த ஊருக்குப் போனாலும், தெரியாத கோயில் என்றால், முன்னாலேயே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிடுவாராம். "பாக்கலாம், எவன் எழுப்புறான்னு" என்பாராம். அன்றைக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். உள்ளே பெஞ்சுகள் கொஞ்சம் இருந்தன. இடது பக்கம் பாதிக் கோயிலுக்கு வெறும் தரை. ஆயா நேராக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் காலடியில் தள்ளி, ஜெபமாலையை எடுத்தார்.

கோயில்பிள்ளை வந்தார். வயசானவர். பட்டுப்புடவையையும் வாட்ச்சையும் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"எந்த ஊருங்கம்மா?"

"கோலாரு. தங்கவயலு."

"அடேயப்பா! ரொம்பத் தூரம். யாரு கல்யாணத்துக்கு?"

ஆயா தங்கையின் பெயரைச் சொன்னார். கோயில்பிள்ளை முகத்தில் கோபமெல்லாம் வரவில்லை. தப்பான கவுண்டரில் நின்ற ஆளுக்கு வழி சொல்கிற முகம். "அப்ப அந்தப் பக்கம்மா" என்று இடது பக்கத் தரையைக் காட்டினார். இந்தப் பக்கத்துக்காரர்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்றார்.

ஆயா அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு ஜெபமாலையைச் சுருக்குப்பையில் போட்டார், செருப்பை மாட்டிக்கொண்டார், என் கையைப் பிடித்தார். கல்யாணப் பெண்ணுக்காகத்தான் எழுந்தார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் தரையிலும் உட்காரவில்லை. பூசை முடியும்வரை ஒன்றரை மணி நேரம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்த ஹீல்ஸ் செருப்போடு. காணிக்கைத் தட்டு வாசல் வரைக்கும் வந்தது. ஆயா சுருக்குப்பையைத் திறக்கவில்லை.

தாத்தாவின் தலைமுறையில் தங்கவயலில் இதற்கு வேறு பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அதன் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ஊன்றி நின்றன. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைச் சுரங்கத் தொழிலாளர்கள் படித்தார்கள். கிறிஸ்தவத்துக்குப் போனவர்களைச் சாதி அங்கேயும் பின்தொடர்ந்து வருவதை அவர் விடாமல் எழுதினார். அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் அந்தப் பத்திரிகைக்குத் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரை மறுபடி உயிர் கொடுத்தார். ஷிப் ஆஃப் ஃபூல்ஸ் கேள்வித்தாளில் 'இந்த சர்ச்சுக்குத் தொடர்ந்து வர விருப்பமா' என்று ஒரு கேள்வி உண்டு. புத்தரிடம் போனவர்கள் அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயா போகவில்லை. மாதாவை விட்டுவிட்டு எங்கே போவது என்பார். ஆனால் பரீட்சை வைப்பதையும் விடவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தனிப் பங்கும் சமமான மரியாதையும் கேட்டதில் தொடங்கியது. 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஹீபர் கேள்வி எழுதிக் கொடுத்ததிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றித் தொண்ணூறு வருடம்.

நான் இப்போது இருக்கிற வளைகுடா ஊரில் வெள்ளிக்கிழமைதான் பூசைக்குப் போகிறேன். மலையாளி, கோவாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், தமிழர் என்று நெரிசல். யாரும் யாரையும் எங்கே உட்கார் என்று கேட்பதில்லை. இடம் கிடைத்தால் போதும். ஆனாலும் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே டீ குடிக்கும்போது, புதிதாக வந்தவரிடம் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். எந்த ஊரு சார்? கோலாரா, ரொம்ப சந்தோஷம். சொந்த ஊரு எது? அந்த இரண்டாவது கேள்வி வரும்போது என் காது தானாக விடைக்கும். பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போகும். சில சமயம் மூன்றாவது கேள்வியும் வரும். அப்போதெல்லாம் டீ ஆறிவிட்டது என்று சொல்லிக் கப்பைக் கீழே வைத்துவிடுவேன். ஆயா மாதிரி நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. வங்கிக்காரன் அறிக்கையில் எழுதியது சரிதான் போல.

கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது பங்காருபேட்டையில் மாரிக்குப்பம் வண்டிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அப்பா மறுபடியும் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் லைனைச் சேர்ந்த ஓர் அம்மா அதே பிளாட்ஃபாரத்தில் இருந்தார். கல்யாணம் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "கோயிலு எப்படிக்கா? பெரிய கோயிலாமே?" என்று கேட்டார்.

ஆயா டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"மணி நல்ல மணி" என்றார். "ரெண்டு மைலுக்குக் கேக்குது."

வண்டி வந்துவிட்டது.